ஒரு பித்தளை உறை எத்தனை வேட்டு தாங்கும்?

2009 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. ராணுவப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்த காலித் தோட்டா உறைகளை இனி அப்படியே ஏலத்தில் விற்கக் கூடாது, நசுக்கி உருத்தெரியாமல் ஆக்கிய பிறகுதான் விற்க வேண்டும் என்றது உத்தரவு. காயலான் சரக்கைப் பற்றிய சாதாரண நிர்வாக முடிவு போலத்தான் தெரிந்தது. ஆனால் நாடு முழுக்கத் துப்பாக்கி சுடுபவர்கள் கொதித்தெழுந்தார்கள். மொன்டானா மாநில செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸும் ஜான் டெஸ்டரும் தலையிட்டுக் கடிதம் எழுதினார்கள். சில நாட்களிலேயே உத்தரவு வாபஸ்.

சுட்டு முடித்த வெறும் உறைக்கு இவ்வளவு மவுசு எதற்கு? அதில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடலாம் என்பதற்குத்தான். இந்த வேலைக்கு ரீலோடிங் என்று பெயர். அமெரிக்காவில் இது பரவலான, சட்டப்படியான பொழுதுபோக்கு. குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும்.

சரி, ஒரே உறையை எத்தனை தடவை நிரப்பலாம்? அனுபவசாலிகளைக் கேட்டால் ஒருவர் மூன்று என்பார், இன்னொருவர் இருபது என்பார், ஐம்பது என்று சாதிப்பவரும் உண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கோணல். உறைக்கு வயது வேட்டுக் கணக்கில் ஏறுவதில்லை. ஒவ்வொரு வேட்டிலும் அந்தப் பித்தளை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதில்தான் ஏறுகிறது.

தோட்டாவின் நான்கு பகுதிகள்

1. குண்டு: பறந்து போவது. பெரும்பாலும் ஈயம், மேலே செம்புத் தோல்.
2. மருந்து: எரிந்து வாயுவாவது.
3. பிரைமர்: அடியில் பதித்திருக்கும் சின்னக் கிண்ணம். ஊசி அடித்ததும் இதுதான் முதல் பொறி.
4. உறை: மற்ற மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் குப்பி.

முதல் மூன்றும் ஒரே வேட்டில் தீர்ந்துவிடும். நான்காவது மட்டும் தரையில் விழுந்து கிடக்கும். நான்கில் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுதான்.

ரைபிள் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாட்டில் மாதிரி இருக்கும். தடித்த அடிப்பகுதி, மேலே போகப் போக மெலியும் உடல், பிறகு சரிவான தோள், அதன் மேல் கழுத்து, வாய். கழுத்தின் சுவர் ஏறக்குறைய 0.38 மி.மீ. தடிமன்தான். அடிப்பகுதியோ கிட்டத்தட்ட கெட்டிப் பித்தளை.

அந்தக் கண நேரத்தில் உறைக்கு என்ன வேலை

.308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் அதே அளவையில் 32, 33 என்று காற்றடிக்கிறோம். இந்த அழுத்தத்தை உறையால் தாங்க முடியாது, தாங்குவதும் அதன் வேலை இல்லை. தாங்குவது சுற்றியிருக்கும் எஃகு. சேம்பர் எனப்படும் எஃகுக் குழிக்குள் உறை உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கத்தை போல்ட் என்னும் எஃகுத் தண்டு அடைத்திருக்கிறது.

உறையின் வேலை இரண்டு. அழுத்தம் ஏறும்போது பலூன் போல உப்பி சேம்பர் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் சுடுபவர் முகத்துக்கு வராமல் அடைக்க வேண்டும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிச் சுவரை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் வெளியே இழுக்க வராது. உப்பவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும். இரண்டையும் ஒழுங்காகச் செய்யும் மலிவான உலோகம் என்று பார்த்தால் 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளைதான். உலோகக்காரர்கள் இந்தக் கலவையையே தோட்டாப் பித்தளை என்று அழைக்கிறார்கள். எஃகில் செய்த உறைகளும் உண்டு, மலிவும்கூட. ஆனால் அவை பித்தளை போல மீண்டு வருவதில்லை, மறுபடி நிரப்ப யாரும் மெனக்கெடுவதும் இல்லை.

வளைத்தால் இறுகும்

கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதலில் சுலபமாக வளையும். பிறகு முரண்டு பிடிக்கும். அப்புறம் பட்டென்று ஒடியும். குளிர்ந்த நிலையில் உருமாற்றும்போது உலோகத்தின் உள்ளே படிக அடுக்குகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. மேலும் நகர இடமில்லாமல் போகிறது. இதனால் கடினம் கூடும், இளக்கம் குறையும்.

தகடு தட்டிப் பாத்திரம் செய்யும் கன்னார்களுக்கு இது பழைய பாடம். கொஞ்ச நேரம் தட்டியதும் தகடு இறுகிவிடும். அதை உலையில் காய்ச்சி இளக்கி மறுபடி தட்டுவார்கள். காய்ச்சாமல் தட்டிக்கொண்டே போனால் விளிம்பு கிழியும். தோட்டா உறையின் கழுத்திலும் நடப்பது இதுவே. சுத்தியலுக்குப் பதில் வெடிப்பு, அவ்வளவுதான்.

ஒரு சுற்றில் கழுத்து படும் பாடு

சுட்ட உறை உப்பிப் போயிருக்கும். அதை டை என்னும் கடின எஃகு அச்சுக்குள் பிரஸ் வைத்து அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். .308 உறையின் கழுத்து வெளிவிட்டத்தை ஒரு சுற்று முழுக்கத் தொடர்ந்து பார்ப்போம். எண்கள் தோராயமானவை, துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும்.

1. சுட்டு வெளியே வரும்போது 8.72 மி.மீ.
2. சாதாரண டைக்குள் போனதும் 8.38. குறைந்தது 0.34.
3. வெளியே இழுக்கும்போது டைக்குள் இருக்கும் உருண்டை உள்ளிருந்து விரித்து 8.48 ஆக்கும். கூடியது 0.10.
4. குண்டைச் சொருகினால் 8.55. கூடியது 0.07.
5. சுட்டால் மறுபடி 8.72. கூடியது 0.17.

மொத்த நகர்வு 0.68 மி.மீ. இதில் வேடிக்கை என்னவென்றால், டை தேவைக்கு மேல் அமுக்கிவிட்டு, பிறகு உருண்டையால் விரித்துச் சமன் செய்கிறது. எந்தத் தடிமன் உறை வந்தாலும் வேலை நடக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் போட்ட கணக்கு அது. உறைக்கு அது வீண் அலைச்சல். வளையம் மாற்றும் வகை டை ஒன்று இருக்கிறது. அதில் நேராக 8.48-க்கே அமுக்கலாம், உருண்டை தேவையில்லை. அப்போது மொத்த நகர்வு 0.48 ஆகிவிடும். துப்பாக்கி, மருந்து, உறை எல்லாம் அதேதான். அச்சு மட்டும் மாறியதில் கழுத்தின் உழைப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

உறை எப்படிச் சாகிறது

மூன்று வழி முக்கியமானவை. ஆபத்தில் மூன்றும் சமமல்ல.

1. கழுத்து வெடிப்பு. இறுகிப்போன கழுத்து நீளவாக்கில் கீறிவிடும். அடிக்கடி நடப்பது இது, பயம் குறைந்ததும் இதுதான். குறி கொஞ்சம் தப்பலாம். உறையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

2. பிரைமர் குழி தளர்வது. உறையின் அடிப்பாகம் கடினமானது. ஆனால் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் அதுவும் நிரந்தரமாக விரியும்; விரிந்தது திரும்பாது. புது பிரைமரை அழுத்தும்போது கை வழுக்கிக்கொண்டு போனால் குழி போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே சுட்டால் வாயு பிரைமரைச் சுற்றிக் கசிந்து போல்ட் முகத்தில் அரித்துக் குழி பறிக்கும். அழுத்தம் கூட்டிச் சுடுபவர்களுக்கு முதலில் போவது பெரும்பாலும் இதுதான். பெரிய ரைபிள் பிரைமர் 5.33 மி.மீ. விட்டம், சிறியது 4.45. சிறிய பிரைமருக்காகச் செய்த உறையில் குழியைச் சுற்றிக் கூடுதல் பித்தளை நிற்கிறது. பின்லாந்தின் லாபுவா நிறுவனம் .308 ரகத்துக்கே சிறிய பிரைமர் உறை போட்டதும், 6.5 கிரீட்மோர் என்னும் தோட்டா ரகத்தைச் சுடுபவர்கள் பலர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் இதனால்தான்.

3. அடி பிரிவது. உறை குறுக்கே இரண்டாக முறிந்து, அடித்துண்டு வெளியே வர, மேல்துண்டு சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டியது இதற்குத்தான், ஏனென்றால் வாயுவை அடைத்திருந்த சுவரே முறிந்துபோகிறது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடக் கூடாது என்று மூத்தவர்கள் திட்டுவது இந்த ஒரு விபத்தை மனதில் வைத்துத்தான்.

மூன்றாவதை இன்னும் கிட்டத்தில் பார்ப்போம்.

அடி ஏன் பிரிகிறது

சேம்பருக்கும் உறைக்கும் நடுவே நீளவாக்கில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். இல்லாவிட்டால் போல்ட் மூடாது. ஊசி அடித்ததும் உறை முன்னால் தள்ளப்படுகிறது. இடைவெளி முழுக்க இப்போது பின்பக்கம். அழுத்தம் ஏறுகிறது. மெலிந்த மேல்சுவர் உடனே உப்பிச் சேம்பரைப் பிடித்துக்கொள்கிறது. தடித்த அடி உப்பாது, பிடிக்காது. அழுத்தம் அதைப் பின்னால் தள்ளி போல்ட்டில் மோதவைக்கிறது. முன்பாதி நகராது, பின்பாதி நகர்ந்தே ஆக வேண்டும். அப்படியானால் எந்த இடம் நீளும்? தடித்த அடியும் மெலிந்த சுவரும் சேரும் இடம். அடியிலிருந்து சில மில்லிமீட்டர் மேலே உள்ள அந்த ஒரு வளையம்தான் இடைவெளி முழுவதையும் தன் இழுப்பாக வாங்கிக்கொள்கிறது.

அடுத்து டைக்குள் அமுக்கும்போது தோள் பின்னால் தள்ளப்படுகிறது, பக்கவாட்டில் பிதுங்கிய உலோகம் கழுத்துப் பக்கம் ஓடுகிறது. உறையின் வாய் நீள்கிறது. .308-க்கு அனுமதித்த உச்ச நீளம் 51.18 மி.மீ. அதைத் தாண்டினால் வாய் சேம்பரின் முனையில் இடித்து, குண்டை நெரித்து, அழுத்தம் எகிறும். ஆகவே 50.93-க்கு வெட்டிவிடுவார்கள். ஒரு வெட்டுக்குக் கால் மில்லிமீட்டர். நான்கு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டர் பித்தளை வானத்திலிருந்து வரவில்லை. பெரும்பங்கு கீழே அந்த வளையத்தின் கணக்கிலிருந்து எடுத்ததுதான். வாயில் சேர்ந்த சீவலைக் குப்பையில் கொட்டுபவர் அடியின் தடிமனைத்தான் தவணை தவணையாகக் கொட்டிக்கொண்டிருக்கிறார்.

டையை எவ்வளவு கீழே இறக்கி வைக்கிறோம் என்பதுதான் இங்கே ஆயுளைத் தீர்மானிக்கும் திருகு. பிரஸ்ஸின் தட்டைத் தொடும்வரை டையை முறுக்கு என்று டைப் பெட்டியோடு வரும் தாள்கள் சொல்லும். எல்லாத் துப்பாக்கியிலும் நுழைய வேண்டுமே, அதற்காக. ஆனால் தோள் தேவைக்கு மேல் கால் மில்லிமீட்டர் பின்னால் போய்விட்டால், அடுத்த வேட்டில் அந்தக் கால் மில்லிமீட்டரும் இழுப்பாகத் திரும்பி வரும். போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் துப்பாக்கியில் 0.025 முதல் 0.05 மி.மீ. பின்தள்ளினால் போதும். தானாக ஏற்றிக்கொள்ளும் வகைக்கு 0.08, 0.10 என்று கொஞ்சம் தாராளம் வேண்டும், இல்லையென்றால் சிக்கும். இதை அளக்க விலை குறைந்த கருவி கிடைக்கிறது. ரீலோடிங் மேசையில் முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பது என் கட்சி; பலர் பளபளப்பாக்கும் இயந்திரத்தை முதலில் வாங்குகிறார்கள்.

ரகத்துக்கு ரகம் ஏன் கணக்கு மாறுகிறது

நம் ஊர்ப் போலீஸ் கையில் பல தலைமுறை பார்த்த த்ரீ நாட் த்ரீயை எடுத்துக்கொள்வோம். .303 தோட்டா சேம்பரில் நிற்பது தோளில் அல்ல, அடியிலுள்ள விளிம்பில். விளிம்பு பிடித்துக்கொள்வதால் தோள் பக்கம் எவ்வளவு இடம் விட்டாலும் துப்பாக்கி வேலை செய்யும். சேறும் மணலும் புகுந்த போர்க்களத்திலும் தோட்டா நுழைய வேண்டும் என்று அங்கே வேண்டுமென்றே தாராளமாக விட்டார்கள். போதாக்குறைக்கு அதைச் சுடும் லீ என்ஃபீல்ட் ரைபிளின் போல்ட் பின்பக்கம் பூட்டிக்கொள்வது. சுடும்போது அந்த அமைப்பே கொஞ்சம் நெளியும். இரண்டும் சேர்ந்து முதல் வேட்டிலேயே உறையை நன்றாக இழுத்துவிடும். ஒவ்வொரு முறையும் முழு உடலையும் அமுக்கினால் மூன்று முதல் ஐந்து வேட்டில் கதை முடிந்துவிடும் என்பது அதை நிரப்புபவர்களின் பொது அனுபவம். கழுத்தை மட்டும் அமுக்கி, தோளை அந்தத் துப்பாக்கியின் அளவிலேயே விட்டுவிட்டால் அதே உறை பல மடங்கு ஓடும்.

.300 வின்செஸ்டர் மேக்னம் போல அடியில் பட்டை வைத்த தோட்டாக்களுக்கும் இதே நோய். பட்டையை நம்பித் தோளை அதிகம் தள்ளுபவர்கள் நாலைந்து வேட்டில் பிரிந்த உறையைப் பார்ப்பார்கள்.

தானாக ஏற்றிக்கொள்ளும் அமெரிக்க ராணுவ ரைபிளான எம்-14 குடும்பத் துப்பாக்கியில் .308 உறை நாலைந்து முறைதான் என்று சொல்லிப் பழக்கம். போல்ட் வேகமாகத் திறந்து இழுப்பதும் தாராள இடைவெளியும் காரணம். அதே உறை, கவனமாகச் சீர்செய்த போல்ட் ரைபிளில், மிதமான அழுத்தத்தில் பத்து, பதினைந்து, சில சமயம் இருபது என்று போகும். துப்பாக்கியை மேசை மேல் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் 6 மி.மீ. பிபிசி ரகம் சுடுபவர்கள் ஒரு கைப்பிடி உறையை வைத்துக்கொண்டே காலமெல்லாம் ஓட்டுவது, சேம்பரையும் உறையையும் மயிரிழைக்குப் பொருத்திவிடுவதால்தான். கைத்துப்பாக்கி ரகமான .38 ஸ்பெஷலுக்கு உச்ச அழுத்தமே 17,000 பவுண்டுதான். அந்த உறை தேய்வதற்கு முன் புல்லில் தொலைந்துவிடும்.

காய்ச்சினால் எது மீளும், எது மீளாது

கன்னார் செய்வதையே இங்கும் செய்யலாம். கழுத்தையும் தோளையும் மட்டும் சில விநாடி சூடாக்கினால் சிக்கிக்கிடந்த படிகங்கள் புதிதாக உருவாகி, பித்தளை மறுபடி இளகும். வாயு அடுப்பின் சுடரில் சுற்றுவது ஒரு முறை. மின்காந்தச் சுருளுக்குள் வைப்பது இன்னொரு முறை. மூன்று, நான்கு வேட்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் கழுத்து வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை தெரிகிறதே, அது தொழிற்சாலையில் காய்ச்சிய தடம். கடையில் விற்கும் தோட்டாவில் அதைத் தேய்த்து மினுக்கிவிடுகிறார்கள்.

ஆனால் பலர் குழம்புவது இங்கேதான். காய்ச்சினால் உறையே புதிதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அடிப்பாகம் கடினமாக இருந்தே ஆக வேண்டும். அதையும் இளக்கிவிட்டால் அடுத்த வேட்டில் பிரைமர் குழி விரிந்து வாயு பின்னால் பீறிடும். அதனால்தான் சிலர் உறைகளைத் தண்ணீர்த் தட்டில் நிற்கவைத்துக் கழுத்தில் மட்டும் சுடர் காட்டினார்கள். தளர்ந்த குழியையும் மெலிந்த வளையத்தையும் எந்தச் சூடும் சரிசெய்யாது. ஒழுங்காகக் காய்ச்சுபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கழுத்து வெடித்து எச்சரிக்கை தருவது நின்றுவிடுவதால், உறை நீண்ட நாள் புதிது போல ஓடி, நேராக அடியில் பிரியும் கட்டத்துக்குப் போய்ச் சேரும்.

சுடாமலே கீறிய உறைகள்

உறைக்கு நகர்வு மட்டும் எதிரி இல்லை என்பதைக் கண்டுபிடித்தது இந்தியாவின் மழைக்காலம். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாப் பெட்டிகளை அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து திறந்தால், யாரும் தொடாத உறைகளில் கீறல்கள். பருவத்தோடு வந்ததால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். புதிர் 1921-ல்தான் தெளிவாக அவிழ்ந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா, ஈரக்காற்று, உறையை இழுத்து வடிவமைத்தபோது உள்ளே தங்கிப்போன இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை. அந்த இறுக்கத்தை மென்சூட்டில் தணித்தால் விரிசல் நின்றுவிடும் என்பதும் தெரிந்தது.

இன்றைய ரீலோடிங் மேசையிலும் இதற்கு ஒரு வால் இருக்கிறது. அம்மோனியா கலந்த பித்தளை மெருகுத் திரவத்தால் உறையைத் துடைக்கக் கூடாது. பலர் சிட்ரிக் அமிலக் கரைசலில் கழுவுகிறார்கள். நம் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இந்த அமில வைத்தியம்தான்.

ஏலத்தில் வரும் ராணுவ உறை

மிசூரி மாநிலத்து லேக் சிட்டி ஆலையின் எல்.சி. முத்திரை போட்ட உறைகளுக்கு நல்ல பெயர். கெட்டியான சுவர், ஒருமுறைதான் சுட்டது. ஆனால் எதில் சுட்டார்கள்? இயந்திரத் துப்பாக்கி என்றால் சேம்பர் இடைவெளி தாராளம். அந்த ஒரு வேட்டிலேயே பாதி ஆயுள் போயிருக்கலாம். பிரைமரைச் சுற்றி நெரித்திருக்கும் விளிம்பையும் சீவி எடுக்க வேண்டும். எல்லா ராணுவ உறையும் நிரப்பவும் உதவாது. அமெரிக்க உறையின் அடியில் நடுவே ஒரே ஓட்டை. ஊசியால் தட்டிப் பழைய பிரைமரை எளிதாக வெளியேற்றலாம். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பிரிட்டிஷ்காரரான பாக்சர். அமெரிக்கரான பெர்டன் கண்டுபிடித்த இரண்டு ஓட்டை முறையை பிரிட்டன் தன் .303-க்கு எடுத்துக்கொண்டது. ஆளாளுக்கு அடுத்தவர் சரக்கு. பழைய பிரிட்டிஷ், இந்திய .303 ராணுவ உறைகளை நிரப்புவது தலைவலியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வாங்கிய உறையோ சொந்த உறையோ, சோதனை ஒன்றுதான். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கூராக்கி, கொக்கி போல வளைத்து உறைக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உள்சுவரை உரசிக்கொண்டே இழுக்க வேண்டும். நல்ல உறையில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த உறையில் அடியிலிருந்து சில மில்லிமீட்டர் மேலே ஒரு பள்ளத்தில் நுனி இடறும். வெளியே அதே இடத்தில் சுற்றிலும் பளிச்சென்று ஒரு கோடு தெரிந்தால் அடுத்த வேட்டு வேண்டாம். கோடு மட்டும் தெரிந்து கொக்கி இடறவில்லை என்றால் அது டை பட்ட தடமாக இருக்கலாம். கண்ணைவிடக் கொக்கி சொல்வதை நம்பலாம்.

ஒரே நாளில் வாங்கி ஒரே துப்பாக்கியில் சுட்ட உறைகளை ஒரே பெட்டியில் வைத்து, மூடியில் எத்தனை வேட்டு, எத்தனை வெட்டு என்று கோடு போட்டு வருவது வழக்கம். பெட்டியில் ஒன்றில் கொக்கி இடறினால் மற்றவையும் அதே பாதையில்தான் இருக்கும். முழுப் பெட்டியையும் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதைத் தெரியாமல் யாரும் மறுபடி நிரப்பிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் வாயையும் குறடால் நசுக்கிப் பழைய பித்தளை வாளியில் போடுகிறார்கள். 2009-ல் பாதுகாப்புத் துறை எல்லா உறைக்கும் செய்யச் சொன்னதைத்தான், செத்த உறைக்கு மட்டும் அவர்களே செய்துகொள்கிறார்கள்.